குடையின் உயரம்

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் தான் படித்த இங்கிலாந்தின் யார்க் நகரத்தைத் தாரணி எனக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கோட்டை மதில்மேல் எங்கே நின்றால் தேவாலயம் முழுதாகத் தெரியும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடிகள் ஒன்றையொன்று முட்டப்போவதுபோல் சாய்ந்திருக்கும் பழைய கடைத்தெருவில் என்னை அண்ணாந்து பார்க்கச் சொன்னாள்.

"இதெல்லாம் யார்கூட வந்து பாத்த?"

"கிளாஸ் பசங்க எல்லாரும் சேர்ந்துதான் சுத்துவோம்."

மழை பிடித்துக்கொண்டது. என் கையில் கேமரா இருந்ததால் அவளே குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். அவளோ கையை முழுதாக நீட்டி, என் தலைக்கு ஒரு முழம் மேலே பிடித்திருந்தாள். சாரல் உள்ளே புகுந்து இருவரையும் நனைத்தது.

"எதுக்கு இவ்ளோ தூக்கிப் பிடிக்கிற? இறக்கேன்."

"அட, ஆமா" என்று சிரித்தபடி இறக்கினாள். அடுத்துப் பார்க்கப்போகும் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கை தானாக மேலே போயிற்று.

எல்லாரும் சேர்ந்து சுற்றினார்களாம். ஒரு குடைக்குள் எத்தனை பேர் நிற்க முடியும்?

மறுபடி இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதுதான் கவனித்தேன், நான் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தேன்.