தினே போதவில்லை

மகளின் பள்ளிக்கூட ரீச்சர் பிரெஞ்சில் எழுதி அனுப்பிய குறிப்பு விளங்காமல், பிரஷாந்தினி அதைப் படமெடுத்து, பாரிஸிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது.

"உன்ரை மகளுக்குத் 'தினே' போதாதாம். தினே எண்டால் இராச்சாப்பாடு. பிள்ளையைப் பட்டினி போடுறாய் எண்டு நினைக்கினம். கவனமடி, அரசாங்கத்து ஆக்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம்!"

பிரஷாந்தினி உடனே சமையலறைக்குப் போனாள். அன்று முதல் தினமும் இரவில் புட்டு, மீன் குழம்பு, முட்டைப் பொரியல். மகள் அக்சயா வயிறு முட்டச் சாப்பிட்டாள். காலையில் களைத்துப்போய் எழும்பும் பிரஷாந்தினி, வழக்கம்போல இரண்டு பாண் துண்டில் ஜாம் பூசிப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு குறிப்பு. மறுபடியும் தினே! நேரில் வரவேண்டுமாம்.

திங்கள் காலை மகளோடு போனாள். ரீச்சர் அக்சயாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அந்தப் பாண் துண்டுகளைச் சுட்டிக்காட்டினார்.

"தினே!"

பிரஷாந்தினி திகைத்துப்போய் மகளைப் பார்த்தாள்.

"இஞ்சை மொன்ட்ரியாலிலை தினே எண்டால் மத்தியானச் சாப்பாடு அம்மா."

"உதை முதலே சொல்லியிருக்கலாமேடி!"

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லையே. பாரிஸ் பெரியம்மாட்டைத்தானே கேட்டனீங்கள்!"