கொசுவையும் நிறுக்கும் தராசு

கொசு உட்கார்ந்தாலும் முள் நகரும் புதுத் தராசோடு, விஜயதசமியும் அதுவுமாகப் பெரிய மார்க்கெட்டில் இறங்கினார் எடை ஆய்வாளர் தணிகாசலம். தன் அசல் கிலோக் கல்லைக் கண்ணில் ஒற்றி ஒரு தட்டில் வைத்தார். மறு தட்டில் கடைக்காரர்களின் கற்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாமே எடை குறைவு.

"பிரெஞ்சுக்காரன் இந்த ஊர ஆண்ட காலத்துல முத்திரை போட்ட கல்லுய்யா!" என்று கத்தினாள் மீன்காரி அங்கம்மாள்.

"என் தராசு பொய் சொல்லாது!" என்று அத்தனையையும் பறிமுதல் செய்தார். வியாபாரமே நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து, "ஊர் பூரா திருட்டுப் பசங்க!" என்று மனைவி சந்திரகலாவிடம் மார்தட்டினார்.

"அது கெடக்கட்டும். நேத்து ஆயுத பூசையில உங்க கல்லுக்குச் சந்தனத்தக் கொழச்சு அப்புனீங்களே, அதத் தொடச்சுட்டுத்தானே எடை போட்டீங்க?"

தணிகாசலம் பெட்டியைத் திறந்தார்.

சந்தனமும் குங்குமமுமாக, புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது அசல் கிலோ.