வலையபட்டிக்குக் கத்திய குடும்பம்

"திங்கிறது ஒக்கூருச் சோறு, கத்துறது வலையபட்டிக்கா?"

செம்மலை போட்ட சத்தத்தில் பொட்டலே திரும்பிப் பார்த்தது. ஒக்கூர் வாலிபால் குழுவை நடத்துகிறவர் அவர். கேட்டது வீரையாவை.

வீரையா காதில் வாங்கவில்லை. அவர் பாட்டுக்குத் துண்டைச் சுழற்றி, "வலையபட்டி! விடாத, அடி!" என்று கத்தினார். பக்கத்தில் அவர் மனைவி பொன்னழகு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினாள். மகன் பெரியகருப்பன் விசிலடித்தான். ஆட்டம் என்றால் உலையை இறக்கி வைத்துவிட்டு ஜமுக்காளத்தோடு கிளம்பிவிடுகிற குடும்பம் அது.

நடுவில் உட்கார்ந்திருந்த புது மருமகள் அழகிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் வலையபட்டிப் பெண். அந்த ஊர்க் குழுவுக்குக் கேப்டனே அவள் அண்ணன் முத்துராமன்தான். பொங்கல் கப்போடு திரும்பாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று டீக்கடையில் சபதம் வேறு போட்டுவிட்டு வந்திருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை அவனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள். மீசை இல்லாவிட்டால் முத்துராமனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அழகிக்குக் காலையிலிருந்து அந்தக் கவலைதான்.

முதல் செட்டில் வலையபட்டி தோற்றது.

அழகி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகட்டும் அத்தே. எனக்காக ஊரு ஏச்செல்லாம் வாங்குறீகளே, அதுவே போதும்."

பொன்னழகு அவசரமாகச் செம்பை நீட்டினாள். "தண்ணி குடி தாயி."

பெரியகருப்பனுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒனக்காகவா? நீ வேற. இது எங்க வீட்டு ராசி. நாங்க எந்தக் கட்சிக்குக் கத்துறமோ அந்தக் கட்சி வெளங்காது."

"என்ன சொல்றீக?"

"மஞ்சுவிரட்டுல எங்க காளைக்குக் கத்துனோம். தொழுவ விட்டு வரவுமே அமுக்கிட்டாய்ங்க. அதுலருந்து சுதாரிச்சுக்கிட்டோம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஆக்கி பைனல் அன்னைக்கு, கதவச் சாத்திக்கிட்டு ரேடியோ முன்னால ஒக்காந்து பாகிஸ்தானுக்குக் கத்துனோம். தங்கம் யாருக்கு வந்துச்சு?"

வீரையா அடக்கமாகத் தலையசைத்தார். "நாட்டுக்காகச் செஞ்சது. வெளிய சொல்லிக்க முடியாது."

அழகியின் கண்ணீர் அப்படியே வற்றிவிட்டது. "அப்ப எங்க அண்ணன் தோக்கணும்னா இம்புட்டு நேரம் கத்துனீக?"

"நம்ம ஊரு செயிக்கணும்ல தாயி" என்றாள் பொன்னழகு, முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த செட்டுக்கு விசில் ஊதினார்கள். அழகி மாமியார் மடியிலிருந்த தாம்பாளத்தையும் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஒக்கூரு! விடாத ஒக்கூரு!"

செம்மலை அசந்துபோனார். "பாத்தீகளா! பொறந்த ஊரு எதுத்தாப்ல நிக்கிது, அந்தப் புள்ள நமக்குத் தட்டுது. வீரையாண்ணே, மருமகளப் பாத்துப் படிச்சுக்கங்க!"

வீரையாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "தாயி, வேணாம் தாயி. ஒங்க அண்ணனுக்கே கத்து தாயி."

"விடுங்கப்பா" என்றான் பெரியகருப்பன். "அவ வேத்தூருக்காரி. அவ கத்துனா நம்ம ராசி எங்குட்டுப் பலிக்கப் போகுது?"

வேத்தூருக்காரி என்றது அழகிக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணன் மீசையை நினைத்துக்கொண்டு இன்னும் ஓங்கித் தட்டினாள்.

இரண்டாவது செட் வலையபட்டிக்குப் போனது.

மூன்றாவது செட்டில் யாரும் பந்தைப் பார்த்தார்களா என்பதே சந்தேகம். ஒரே ஜமுக்காளத்தில் மாமனார், மாமியார், புருஷன் மூவரும் வலையபட்டிக்குத் தொண்டை கிழியக் கத்த, மருமகள் ஒற்றை ஆளாய் ஒக்கூருக்குத் தட்டினாள். கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது. கடைசியில் முத்துராமன் எம்பி ஒரு அடி அடித்தான். பந்து ஒக்கூர்க்காரர்கள் நடுவில் விழுந்து, கயிற்றைத் தாண்டி ஓடியது.

கப் வலையபட்டிக்கு.

முத்துராமன் கப்பும் கையுமாக நேரே ஜமுக்காளத்துக்கு வந்தான். வீரையாவைக் கும்பிட்டான். "மாமா, சொந்த ஊரையே பகைச்சுக்கிட்டு எனக்குக் கத்துனீக. நீங்கதான் மனுசரு."

வீரையா துண்டை அவசரமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே!" என்று முன்னால் வந்தாள் அழகி.

"பேசாத! கூடப் பொறந்தவ நீ எனக்கு எதிரா தாம்பாளம் தட்டுறியா? இந்த மீசை மேல சத்தியம். இனிமே ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மீசையை ஒருமுறை முறுக்கிக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான். அது பத்திரமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, அவன் பேசியதற்கு அழுவதா என்று அழகிக்குத் தெரியவில்லை. அழுகைதான் முதலில் வந்தது.

பொன்னழகு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"கோவம் ஆறவும் வருவான், விடு ஆத்தா. நல்லது செய்யிறவுகளுக்கு ஏச்சுத்தான். நாங்க வாங்காததா?"

பிறகு மகன் பக்கம் திரும்பினாள். கப் போன வருத்தமெல்லாம் எங்கே போனதோ, முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஏன்டா, வேத்தூருக்காரின்னியே! அவ கத்துன கட்சி தோத்துச்சா இல்லையா? இவ நம்ம வீட்டு ஆளுடா!"