முதலாளியின் நாற்காலி

எங்கள் ஹெட் கிளார்க் உட்கார்ந்து இரண்டு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே எழுதுவார், நின்றபடியே சாப்பிடுவார்.

"அவரைப் பாத்தாவது திருந்துங்கய்யா!" என்று முதலாளி எங்களைக் காய்ச்சுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரியான காக்கா பிடிக்கிற ஆள்!

எங்கள் கம்பெனி வழக்கப்படி, ஆண்டுவிழா அன்று சிறந்த ஊழியர் நாள் முழுக்க விழா மேடையில் முதலாளியின் நாற்காலியில் உட்கார வேண்டும். இந்த வருஷம் வேறு யார்?

"வேண்டாம் சார், நின்னுக்கிறேன் சார்..." கிளார்க் கெஞ்சினார்.

"என்ன அடக்கம் பாருங்க!" முதலாளி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கிளார்க்குக்குக் கண் கலங்கியது.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றார் முதலாளி. ஒரே கைதட்டல்.

விழாவுக்கு வந்து என் பக்கத்தில் நின்ற கிளார்க்கின் மனைவி மட்டும் கை தட்டவில்லை.

"என்ன அண்ணி, சந்தோஷம் இல்லையா?" என்றேன்.

"அவரை எப்படியாவது எழுப்பிவிடுங்க தம்பி," என்று கிசுகிசுத்தார். "ரெண்டு வருஷமா மூலம். வெளிய சொல்லக் கூச்சப்பட்டு நின்னே காலத்தை ஓட்டுறாரு. காலையிலகூட ரத்தம்..."

மேடைக்கு ஓடினேன்.

"வா தம்பி, நல்ல நேரத்துல வந்தே!" என்றார் முதலாளி. "இவரு கூச்சத்துல எழுந்திரிக்கப் பாக்குறாரு. சாயங்காலம் வரைக்கும் தோளை விடாம பிடிச்சுக்கோ!"