முள்ளில்லாத சக்களத்தி

கொல்லையிலிருந்து ஜலீலின் அலறல் தெருக்கோடி வரை கேட்டது. அடுப்பில் பால் வைத்திருந்த ஆமினாவுக்கு என்ன ஏது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சக்களத்தி செத்துவிட்டாள்.

பன்னிரண்டே நாளில் போய்ச் சேருவாள் என்று ஆமினா நினைக்கவில்லை. ஒரு மாதமாவது தாங்குவாள் என்றுதான் எண்ணியிருந்தாள்.

போன மாதம் துபாயிலிருந்து வந்த கணவன், அவளை மடியில் வைத்துக்கொண்டேதான் காரிலிருந்து இறங்கினான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கள்ளிச்செடி. அமுக்கிவிட்ட பூசணிப் பிஞ்சு மாதிரி எட்டு மடிப்பு. பச்சை உடம்பெல்லாம் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளி, மடிப்புக்கு மடிப்பு வரிசையாகப் பஞ்சுப் பொட்டு.

பேருக்கு ஒரு முள் கிடையாது. தடவிக்கொடுக்க வசதிதான் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள் ஆமினா.

"ஜப்பான்காரன் விதை விதையாப் பொறுக்கி உண்டாக்குன ரகம். கபூட்டோன்னு பேரு" என்றான் ஜலீல், வந்ததும் வராததுமாக. "முதலாளி லண்டன் போறான். அவன் தோட்டத்தப் பாத்துக்குற என் கையில தவிர வேற யாருகிட்டயும் இதக் குடுக்க மாட்டேன்னுட்டான். லீவு முடிஞ்சு இத உசுரோட கொண்டு போனாத்தான் விசா புதுப்பிப்பானாம்."

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு ஸ்பூன். கூட ஊத்துனா அழுகிச் செத்துரும்."

வாய்க்காலும் வயலுமாக வளர்ந்த பேராவூரணிக்காரிக்கு அது புதுச் செய்தி. மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மகள் ஷமீரா பிறந்தபோது அவள் அழுகையைப் போனில் கேட்டவன் ஜலீல். மகளுக்கு மூன்று வயதான பிறகுதான் முகத்தைப் பார்த்தான். அப்படிப்பட்டவன் இப்போது விடியற்காலையில் எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்த செம்பைக்கூடக் கீழே வைக்காமல், நேரே கள்ளி முன்னால் போய்க் குந்திவிடுகிறான்.

ஒருநாள் அவன் வாங்கி வந்த சேலையைக் கட்டிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள். "கொஞ்சம் தள்ளிக்க. அந்தச் சட்டிய நிழலுக்கு நகத்தணும்" என்றான்.

அன்று மத்தியானமே முதல் செம்பை ஊற்றினாள். அதன்பிறகு தினமும், அவன் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும் நேரம் பார்த்து, ஒரு செம்பு.

இப்போது பாலை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். ஜலீலின் அண்ணன் கலந்தர் அதற்குள் முன்கட்டிலிருந்து வந்து நின்றிருந்தார். சட்டியில் கள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடிப்பக்கம் வெந்த கத்தரிக்காயாகக் குழைந்து கிடந்தது.

"வேலையில மண்ணப் போட்டுட்டியேடா" என்றார் கலந்தர். "இன்னும் நாலு வருசம் அங்க இருப்பேன்னு நம்பித்தானே மாடி எழுப்புனேன். பாதியில நிக்குதே."

"என்னண்ணே செய்யறது. இனிமே அந்த முதலாளி மூஞ்சில முழிக்க முடியுமா? நம்மூரு தேங்கா மண்டியிலதான் வேலை கேக்கணும்." ஜலீல் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான்.

"ஒரு செடியக் காப்பாத்தத் துப்பில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே கலந்தர் வெளியே போனார்.

பன்னிரண்டு நாளாக ஆமினா செடியைத்தான் பார்த்தாளே தவிர, அதற்குப் பின்னால் இருந்த விசாவை அவள் பார்க்கவில்லை.

"ஏங்க, என்னைய என்ன வேணா செய்யுங்க. நான்தான் அதக் கொன்னேன்."

ஜலீல் நிமிர்ந்தான்.

"அத நீங்க பாக்குற நேரத்துல பாதி நேரம் எம்மூஞ்சியப் பாத்திருந்தா நான் ஏன் இப்படிச் செய்யப் போறேன்? பொறுக்க முடியல. தெனம் ஒரு செம்பு ஊத்துனேன். உங்க பொழப்பு போகும்னு நெனைக்கவே இல்ல."

அவன் எழுந்து வாசல்பக்கம் எட்டிப் பார்த்தான். அண்ணனின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

"எப்ப ஊத்துன?"

"மத்தியானம். நீங்க தொழப் போனப்ப."

ஜலீல் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். வந்த நாள் முதல் பார்க்காத முகத்தை முழுசாகப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அதான பாத்தேன். நான் காலையில ஊத்துற ஒரு செம்புக்கு இவ்வளவு சீக்கிரம் செத்துருக்காதேன்னு."