பெட்டிக்குள் இருவர்

ஆராய்ச்சிக்கூடத்துக் கடிகாரப் பெட்டி ஒன்றில் குவார்ட்ஸ் படிகமும் ஜிபிஎஸ் ரிசீவரும் குடியிருந்தன. படிகம் தாளம் தட்டும். ரிசீவர் செயற்கைக்கோள்கள் சொல்லும் நேரத்தைக் கேட்டு அதைத் திருத்தும்.

"முந்திட்டே!" என்று கத்தும் ரிசீவர். அடுத்த விநாடியே, "பிந்திட்டே!"

சொன்னபடியெல்லாம் ஆடி, படிகத்தின் தாளம் தடுமாறியது.

திரையில் நெளிந்த கோட்டைப் பார்த்து "நாளைக்குப் படிகத்தை மாத்திடலாம்" என்ற இன்ஜினியரம்மா, ஆண்டெனா வயரைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வானத்துச் சேதி நின்றதும் ரிசீவர் வாயடைத்து உட்கார்ந்தது. பக்கத்தில் படிகம் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நடுக்கம் என்னோடதா?" என்றது ரிசீவர்.

"அவ்வளவு உயரத்துலேர்ந்து வர்ற சேதி, வழியில கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்," என்றது படிகம். "ஆனா நீ இல்லேன்னா நான் மெல்ல மெல்ல விலகிப் போயிடுவேன்."

வயர் திரும்பி வந்தது. "முந்தி..." என்று ஆரம்பித்த ரிசீவர் மீதியை விழுங்கியது. வெகுநேரம் கேட்டுப் பார்த்த பிறகுதான், "துளி முந்துறே" என்றது.

"சரி" என்று படிகம் துளி தணிந்தது.

மறுநாள் திரையில் நேர்கோட்டைப் பார்த்த இன்ஜினியரம்மா, கொண்டுவந்த புதுப் படிகத்தைப் பிரிக்காமலே பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

"இங்கே யாரும் பேசவே மாட்டீங்களா?" என்று கேட்டது அது.

"பேசுவோம்," என்றது ரிசீவர். "அவசரமில்லை."