ஊர்க்கதை கேட்கும் பச்சமுத்து

"தம்பி, மணாலிக்கும் அப்பால போயிருக்கீங்களா?"

பச்சமுத்து இப்படிக் கேட்டதும் அவர் மகள் கனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெற்ற பிள்ளைக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் கிளம்பிய மனுஷன், விருத்தாசலம் ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது?

திருச்சி வண்டி லேட். வாய்க்கு நல்ல தீனி.

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு அம்மா சொல்லி முடித்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடுவில் கூரை போன மாதா கோயில். அடுத்து ஒரு பெரியவர் குஜராத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் உப்புத்தரையாம், நிலா வந்தால் பால் கொட்டியது போல இருக்குமாம்.

பச்சமுத்து இருவர் வாயையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அங்க வேலை செய்யற ஆளுங்க எல்லாம் எந்த ஊருங்க?" என்று நடுவில் ஒரு கேள்வி வேறு.

இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டார், நேரே ஸ்டேஷன்தான். யாராவது தூரத்திலிருந்து வந்திருந்தால் ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்து, எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கிண்டுவார். நாலு வருஷமாக இதே வேலை.

மகன் கொளஞ்சிநாதன் ஓடிப்போய் நாலு வருஷம் ஆகிறது. "மவன் போன துக்கம் கொஞ்சமாச்சும் இருக்குதா பாரு" என்று தெருவே பேசியது. கனகாவும் அப்படித்தான் நினைத்தாள்.

தம்பி ஓடியது ஒரு சூளையால். அப்பாவோடு கம்பெனியில் வேலை பார்த்தவன், சூளை ஆறுவதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டான். குளிர்காற்றுப் பட்டு உள்ளே இருந்த கோப்பை அத்தனையும் விரிசல். சூளைக்குப் பொறுப்பு பச்சமுத்து. அத்தனை பேர் முன்னால் மகனைக் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் அவன் இல்லை.

தம்பியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிச் சீட்டு எழுதி, கனகா கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். சாமி வாயைத் திறக்கவில்லை. ஜோசியர்தான் திறந்தார்: ஆள் உயிரோடு இல்லை.

ஆடி அமாவாசைக்குத் திதி கொடுத்துவிடு என்று பெரியப்பா நெருக்கினார். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. ராமேஸ்வரமா, சரி என்றார். பையைக்கூடத் தானே கட்டிக்கொண்டார், யாரையும் தொட விடவில்லை. அதில் கனகாவுக்கு மனசு விட்டே போயிற்று.

இப்போது மணாலிக்கு அப்பால்.

பேசியவர் திருமால், லாரி டிரைவர். லோடு இறக்கிவிட்டு அரியலூர்ப் பக்கம் ஊருக்குப் போகிறார்.

"ரோத்தாங்னு ஒரு கணவாய்ங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் லாரி உசரத்துக்குப் பனிச் சுவரு. அதைத் தாண்டிப் போனா திடீர்னு பச்சைப் பசேல்னு பட்டாணி வயலு, கீழ ஆறு. அங்க ஒரு கூடாரம் போட்டு டீக்கடை வச்சிருக்கான். அந்தக் கடையிலதான் ஒரு வேடிக்கை. டீ மாஸ்டர் ஒவ்வொரு பீங்கான் கப்பையும் நெகத்தால சுண்டி, காதுல வச்சுக் கேட்டுட்டுத்தான் டீ ஊத்தறான்!"

பெஞ்சே சிரித்தது.

கனகா சிரிக்கவில்லை. சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளை அப்படித்தான் தரம் பிரிப்பார்கள். ணங்கென்றால் நல்லது, பொத்தென்றால் விரிசல். கொளஞ்சி வீட்டில் சொம்பைக்கூடச் சுண்டாமல் தண்ணீர் குடிக்கமாட்டான். அதற்காக அவனை எத்தனை கேலி செய்திருக்கிறாள்!

"சத்தம் சரியில்லன்னா அந்தக் கப்பை என்னா பண்றாரு, அண்ணே?"

"தூக்கிப் போடமாட்டாம்மா. தனியா கவுத்து வச்சிடறான்."

விரிசல் விட்டதைக் கவிழ்த்து வைப்பது அப்பாவின் சூளையில் உள்ள வழக்கம். கனகா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

"இடது புருவத்துல ஒரு வெட்டு..."

"ஆமாம்மா! போன மாசம் பார்த்தேன். குளிருது சனியன்னு நான் தமிழ்ல திட்டினதும் சிரிச்சிட்டான். எந்த ஊரு தம்பின்னா சொல்லல, உள்ள போயிட்டான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கனகா வாய்விட்டு அழுதாள். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்தது போல இருந்தது. இருக்கிறான். டீ போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கிறான். கொளஞ்சியப்பர் ஃபைலைத் தாமதமாகத்தான் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டார்!

தனுஷ்கோடி அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். விஷயம் புரிந்ததும் அவரும் சேர்ந்து அழுதார்.

திருச்சி வண்டி வந்து நின்றது. கனகா எழுந்திருக்கவில்லை. இனி ராமேஸ்வரத்தில் என்ன வேலை? உயிரோடு இருக்கிறவனுக்குக் கட்டிய எள் இனி ஒரு நிமிஷம்கூடத் தங்களிடம் இருக்கக்கூடாது என்று தோன்றியது. அப்பாவின் மடியிலிருந்த பையைப் பிடுங்கி, எறும்புக்காவது போடலாம் என்று திறந்தாள்.

எள் இல்லை. தர்ப்பை இல்லை. துழாவிப் பார்த்தாள், பச்சரிசி ஒரு மணிகூட இல்லை.

பிரிக்காத புதுச்சட்டை ஒன்றுதான் இருந்தது. கொளஞ்சி போகும்போது போட்டிருந்த அளவு அல்ல. அதைவிடப் பெரிய அளவு, நாலு வருஷத்தில் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பானோ அந்த அளவு. நாலா தேசத்து ஜனமும் வந்து சேர்கிற ஊருக்கு அப்பா எதற்குக் கிளம்பினார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பச்சமுத்து திருமாலின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அங்க குளிரு ரொம்ப ஜாஸ்தியா தம்பி?"